பத்து மாதம் பூட்டி வைத்த உண்மை: யோஸ்ட் கொலையும் கும்பலுக்குள் இருந்த ஒற்றனும்

பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர் தமாக்குவா. 1875-இல் அங்கே இரவு ரோந்து பார்த்தவர்கள் இரண்டு போலீஸ்காரர்கள்: பெஞ்சமின் யோஸ்ட், பார்னி மெக்கேரன். ரோந்தோடு இன்னொரு வேலையும் அவர்கள் தலையில் விழுந்திருந்தது. பின்னிரவில் தெருவிளக்குகளை அணைத்துக்கொண்டு போக வேண்டும். எரிவாயு விளக்குகள் என்பதால் கம்பத்தில் ஏணியைச் சாத்தி மேலே ஏறித்தான் அணைக்க முடியும். ஜூலை 6, அதிகாலை 2 மணி வாக்கில், தன் வீட்டுப் பக்கத்து விளக்கை அணைக்க யோஸ்ட் ஏணியில் ஏறினார். இரண்டு கையும் வேலையில், முதுகு தெருவுக்கு. இருட்டிலிருந்து வந்த இரண்டு பேர் சுட்டுவிட்டு ஓடினார்கள்.

யோஸ்ட் உடனே சாகவில்லை. சுட்டவர்கள் இரண்டு ஐரிஷ்காரர்கள், ஒருவன் மற்றவனைவிடப் பெரிய ஆள், இருவரும் தனக்குப் பழக்கமில்லாத முகம் என்று சொல்ல அவருக்கு அவகாசம் கிடைத்தது. அன்று காலையே இறந்துபோனார்.

ஊரில் யோஸ்ட்டுக்குப் பகை உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ‘வெடிமருந்துப் பீப்பாய்’ என்று பட்டப்பெயர் வாங்கிய குள்ளமான சுரங்கத் தொழிலாளி ஜேம்ஸ் கெரிகனையும், அவருடைய கூட்டாளி தாமஸ் டஃபியையும் குடித்துவிட்டு ரகளை செய்ததற்காக யோஸ்ட் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார். தடியடியும் விழுந்திருக்கிறது. ஆனால் அந்த இருவரையும் யோஸ்ட்டுக்கு நன்றாகத் தெரியும். சுட்டவர்களோ தெரியாத முகங்கள். சந்தேகம் ஒரு பக்கம் இழுக்க, சாகும் தறுவாயில் சொன்ன வாக்குமூலம் இன்னொரு பக்கம் இழுத்தது.

அந்த வட்டாரத்தில் நடந்த பல கொலைகளில் போலீஸ் முட்டிக்கொண்டு நின்றது இந்த இடத்தில்தான். அங்கே ‘மாலி மக்வயர்ஸ்’ என்று அழைக்கப்பட்ட ரகசியக் கும்பல், ஐரிஷ் கத்தோலிக்கர்களின் ‘ஹைபர்னியன்ஸ்’ என்ற உதவிச் சங்கத்தின் கிளைகளுக்குள் ஒளிந்துகொண்டு இயங்கியது என்பது அரசுத் தரப்பின் வாதம். கும்பல் எவ்வளவு பெரியது, எவ்வளவு கட்டுக்கோப்பானது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. வேலை நடந்த முறையில் மட்டும் பெரிய குழப்பம் இல்லை. ஒரு ஊர்க்காரர்களுக்கு ஒருவர்மேல் பகை என்றால் அவர்கள் கை வைக்க மாட்டார்கள். வேறு ஊர்க் கிளையிலிருந்து ஆள் வரும். முடித்துவிட்டு விடிவதற்குள் மலை தாண்டிப் போய்விடும். பகை உள்ளவன் ஊரில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்திருப்பான். சுட்டவனுக்கும் செத்தவனுக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்காது. கண்ணால் பார்த்த சாட்சிகூட அடையாளம் காட்ட முடியாது. பதிலுக்கு, உதவிய ஊருக்கு ஒரு கொலைக் கடன் பாக்கி நிற்கும்.

இப்படிப்பட்ட கொலையை வெளியிலிருந்து துப்புத் துலக்குவது கிட்டத்தட்ட முடியாத காரியம். கடன் கணக்கு எழுதப்படும் மேசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு மட்டும்தான் விவரம் தெரியும். அந்த மேசையில் யோஸ்ட் கொலை நடந்தபோதே ஒரு ஒற்றன் உட்கார்ந்திருந்தார். பெயர் ஜேம்ஸ் மெக்பார்லண்ட்.

அவரை அனுப்பியது போலீஸ் அல்ல. பிலடெல்ஃபியா அண்ட் ரீடிங் ரயில்வேயின் தலைவர் பிராங்க்ளின் கோவன், 1873 அக்டோபரில் ஆலன் பிங்கர்ட்டனின் தனியார் துப்பறியும் நிறுவனத்தை அமர்த்தினார். கோவன் முன்பு அதே வட்டாரத்தில் அரசு வழக்கறிஞராக இருந்தவர். இந்த மாதிரிக் கொலைகளில் சாட்சி கிடைக்காமல் வழக்கு கரைவதை நேரில் பார்த்தவர். அந்த அனுபவம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ரயில்வே நிலக்கரிச் சுரங்கங்களை வாங்கிக் குவித்துக்கொண்டிருந்த காலம் அது. தொழிலாளர் சங்கம் அவர் வழியில் குறுக்கே நின்றது. கொலைகாரர்களைப் பிடிப்பதும் சங்கத்தை ஒடுக்குவதும் அவருக்கு ஒரே கணக்கில் வந்தன. இதை மனதில் வைக்காமல் பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள முடியாது.

மெக்பார்லண்ட் அயர்லாந்தின் அர்மா வட்டாரத்தில் பிறந்து 1867-இல் அமெரிக்கா வந்தவர். சிகாகோவில் அவர் நடத்திய மதுக்கடை 1871-இன் பெருந்தீயில் போனது. ஐரிஷ்காரர், கத்தோலிக்கர், சிரிக்கச் சிரிக்கப் பேசுபவர், பாடுவார், ஆடுவார், சண்டைக்கும் தயங்க மாட்டார். வாரம் 12 டாலர் சம்பளம், செலவு தனி. ‘ஜேம்ஸ் மெக்கென்னா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பஃபலோவில் ஆளைக் கொன்றுவிட்டுத் தலைமறைவாக அலைபவன், கள்ளப்பணம் மாற்றுபவன் என்று கதை கட்டிக்கொண்டார். பொய்யில் ஒரு சௌகரியம் இருந்தது: வேலை செய்யாமலே கையில் காசு புழங்குவது ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

பாட்ஸ்வில்லில் ஒரு மதுக்கடையில் பாடி, ஆடி, சீட்டாட்டத்தில் ஏமாற்றியவனை அடித்து வீழ்த்திப் பெயர் வாங்கினார். அங்கிருந்து ஷெனாண்டோவா. 1874 ஏப்ரல் 14 அன்று ஹைபர்னியன்ஸ் சங்கத்தில் சத்தியம் வாங்கிக்கொண்டு சேர்த்துக்கொண்டார்கள். பிறகு கிளைச் செயலாளர். எழுதப் படிக்கத் தெரிந்தவன் கிடைத்தான் என்று அவர்களே கணக்குப் புத்தகத்தைத் தூக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள். பகலெல்லாம் குடி, இரவில் அறையில் உட்கார்ந்து பிலடெல்ஃபியா அலுவலகத்துக்கு அறிக்கை. மலிவு விஸ்கி உடம்பை அரித்தது. முடி கொட்டி விக் வைத்துக்கொள்ளும் நிலை வந்தது.

வேலைக்கு அனுப்பும்போதே ஒரு நிபந்தனை இருந்தது. மெக்பார்லண்ட் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அவர் தகவல் கொடுப்பார்; அதை வைத்து மற்றவர்கள் ஆதாரம் தேட வேண்டும். அவர் உயிரைக் காக்கப் போட்ட நிபந்தனை என்பதால் இதைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் யோஸ்ட் கொலைக்குப் பிறகு நடந்த கோரம் எல்லாம் இந்த ஒரு நிபந்தனையில்தான் தொங்குகிறது.

யோஸ்ட்டைக் கொன்றவர்களைக் கண்டுபிடிக்கும்படி தமாக்குவா ஊர்க்காரர்களும் பிங்கர்ட்டன் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார்கள். ஜூலை நடுவில் ‘மெக்கென்னா’ தமாக்குவாவுக்குப் போக்குவரத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார். காரணம் வேண்டுமே? கெரிகனின் மைத்துனிமேல் காதல் என்று நடித்தார். பெண் பார்க்க வருபவன் அடிக்கடி வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? ஜேம்ஸ் கரோலின் மதுக்கடையில் உட்கார்ந்தார். கெரிகனோடு குடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக முழுக் கதையும் வந்தது. சுட்டவர்கள் ஹ்யூ மெக்கீஹன், ஜேம்ஸ் பாய்ல் என்று வெளியூர்க்காரர்கள் இருவர். இடத்தைக் காட்டி, மறைத்து வைத்து, வேலை முடிந்ததும் வழி அனுப்பியவர் கெரிகன். துப்பாக்கி ஜேம்ஸ் ரோரிட்டியுடையது. இதற்குக் கடனாக லான்ஸ்ஃபர்டில் ஜான் ஜோன்ஸ் என்ற சுரங்க மேற்பார்வையாளரைத் தமாக்குவா ஆட்கள் கொல்ல வேண்டும். அலெக்சாண்டர் கேம்ப்பெல் என்ற மதுக்கடைக்காரர் இந்தப் பேரத்தின் மறுமுனை. கேம்ப்பெல்லின் உதவியோடு மெக்கீஹன் சொந்தமாக மதுக்கடை திறந்தபோது, அங்கே போய் உட்கார்ந்து குடித்தவர்களில் ‘மெக்கென்னா’வும் ஒருவர்.

யோஸ்ட் இறந்த சில வாரங்களிலேயே கொலையாளி யார், அழைத்து வந்தவர் யார், துப்பாக்கி யாருடையது, அடுத்த பலி யார் என்பது வரை ஒற்றனுக்குத் தெரிந்துவிட்டது. துப்பு துலங்கிவிட்டது என்று சொல்லலாம். கைது? இல்லை. ஏன் என்றால், தெரிந்தது எல்லாம் மெக்பார்லண்டின் காதில் விழுந்த பேச்சு. அதை நீதிமன்றத்தில் சொல்லும் ஒரே ஆள் அவர். அவரோ கூண்டில் ஏறப்போவதில்லை. வேறு ஆதாரம் கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்த நாட்களில் ஆட்கள் செத்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று ஷெனாண்டோவாவில் கோமர் ஜேம்ஸ் என்ற வெல்ஷ்காரர். அதே நாள் ஜிரார்ட்வில்லில் தாமஸ் க்வைதர் என்ற உள்ளூர் நீதிபதி. செப்டம்பர் 1 காலை ரேவன் ரன்னில் சுரங்க அதிகாரி தாமஸ் சாங்கரும் தொழிலாளி வில்லியம் யூரனும். செப்டம்பர் 3 காலை லான்ஸ்ஃபர்டில் அந்த ஜான் ஜோன்ஸ். ஜோன்ஸ் பெயர் பட்டியலில் இருப்பது தெரிந்திருந்தது, எச்சரிக்கையும் போயிருந்தது. அப்படியிருந்தும் கடன் தீர்க்கப்பட்டுவிட்டது. மற்றவற்றில், தன்னைச் சுற்றி ஆட்கள் இருந்ததால் நேரத்துக்குத் தகவல் அனுப்ப முடியவில்லை என்பது மெக்பார்லண்ட் பின்னாளில் சொன்ன விளக்கம்.

என்னால் மறக்க முடியாத ஒரு விவரம் இங்கே உண்டு. கோமர் ஜேம்ஸைக் கொன்றதற்கு யாருக்குப் பரிசுப் பணம் என்று கும்பலுக்குள் தகராறு. அதை விசாரித்துத் தீர்த்து வைக்கும் பொறுப்பை ‘மெக்கென்னா’விடமும் இன்னொருவரிடமும் ஒப்படைத்தார்கள். கொலையைத் துப்பறிய வந்தவர், கொலைக்கு யார் உரிமையாளர் என்று பஞ்சாயத்து செய்ய உட்கார்ந்தார். மறுத்தால் மாட்டிக்கொள்வார், ஒப்புக்கொண்டால் உடந்தை. ஒற்றன் வேலையில் மூன்றாவது வழி கிடையாது. அவரை நான் வில்லனாகப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவரின் கை சுத்தமாக இருந்தது என்று நம்பவும் முடியவில்லை.

வழக்கு உடைந்தது ஒற்றனால் அல்ல. ஜோன்ஸ் கொலை நடந்த அன்றே தமாக்குவாவுக்கு வெளியே மலைச்சரிவில் இளைப்பாறிக்கொண்டிருந்த மூன்று பேரை ஊர்க்காரர்களே மடக்கினார்கள். மைக்கேல் டாய்ல், எட்வர்ட் கெல்லி, அவர்களுக்கு வழிகாட்டிய கெரிகன். 1876 பிப்ரவரி தொடக்கத்தில் டாய்லுக்குத் தூக்கு என்று ஆனதும் கெரிகன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அப்ரூவர் ஆனார். யோஸ்ட் கொலை, ஜோன்ஸ் கொலை இரண்டையும் கக்கினார். அந்த மாதமே கேம்ப்பெல், கரோல், டஃபி, மெக்கீஹன், பாய்ல், ரோரிட்டி எல்லோரும் பிடிபட்டார்கள்.

இதற்கு முன்பே இன்னொரு கொடுமை நடந்துவிட்டது. 1875 டிசம்பர் 10, விடிவதற்கு முன், விக்கன்ஸ் பேட்ச் என்ற சுரங்கக் குடியிருப்பில் முகமூடி ஆட்கள் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். சாங்கர், யூரன் கொலையில் சந்தேகிக்கப்பட்ட சார்லஸ் ஓடோனலைச் சுட்டுக் கொன்றார்கள். கூடவே எல்லன் மக்கலிஸ்டர் என்ற இளம்பெண்ணும் செத்தார். அவர் கருவுற்றிருந்தார். அந்த வீட்டு ஆண்களின் பெயர்கள் மெக்பார்லண்டின் அறிக்கைகளில் இருந்தவை. தான் எழுதியதுதான் அந்தப் பெண்ணைக் கொன்றது என்று அவரே நினைத்தார். மேலதிகாரிக்குக் கொதித்துப் போய்க் கடிதம் எழுதினார், வேலையை விடுகிறேன் என்றார். அவர் அறிக்கை எப்படி அந்த முகமூடிகளின் கைக்குப் போனது என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஆலன் பிங்கர்ட்டன் தன் ஆட்களுக்கு எழுதிய கடிதத்தில், சட்டத்துக்கு வெளியே தண்டிக்கும் குழுக்கள் வேண்டும் என்று யோசனை சொன்னது பதிவில் இருக்கிறது. மெக்பார்லண்டைச் சமாதானப்படுத்தி வேலையில் நிறுத்தி வைத்தார்கள்.

கெரிகன் வாய் திறந்த செய்தியோடு, உள்ளே ஒரு உளவாளி இருக்கிறான் என்ற பேச்சும் பரவியது. சந்தேகம் ‘மெக்கென்னா’மேல் விழுந்தது. தீர்த்துக்கட்டத் திட்டம் தயாரானது. 1876 மார்ச் தொடக்கத்தில் அவர் ரயிலேறித் தப்பினார். வேடம் கலைந்துவிட்டது, கூண்டில் ஏற மாட்டேன் என்பதற்கு இனி பாதிக் காரணம்தான் மிச்சம். மே மாதம் பாட்ஸ்வில்லில் யோஸ்ட் வழக்கு தொடங்கியபோது, மே 6 அன்று அவர் உண்மைப் பெயரோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். நேற்றுவரை கூட உட்கார்ந்து குடித்த மெக்கென்னா துப்பறிவாளன் என்பதைப் பிரதிவாதிகள் அங்கேதான் முதல்முறையாக அவர் வாயால் கேட்டார்கள்.

அவர் வந்தே ஆக வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இருந்தது. அப்ரூவர் என்பவன் குற்றத்தில் பங்காளி. தன் கழுத்தைக் காப்பாற்ற அடுத்தவன் கழுத்தைக் காட்டுகிறவன். அவன் சொல்லை மட்டும் வைத்துத் தண்டிப்பது ஆபத்து, வேறு பக்கபலம் வேண்டும் என்பது ஆங்கிலேயச் சட்ட மரபில் வந்த நீதிமன்றங்களின் பழைய எச்சரிக்கை. நம் நீதிமன்றங்களிலும் இதே பேச்சு. கெரிகனின் சொல்லுக்குப் பக்கபலம் மெக்பார்லண்ட். ஆனால் மெக்பார்லண்டும் அதே கும்பலில் சத்தியம் செய்தவர்தானே, அவரும் பங்காளிதான், பங்காளிக்குப் பங்காளி எப்படிப் பக்கபலம் ஆவான் என்று எதிர்த்தரப்பு கேட்டது. துப்பறிவாளனுக்குக் குற்ற எண்ணம் கிடையாது, ஆகவே அவன் பங்காளி இல்லை என்றது அரசுத் தரப்பு. அதுவே வென்றது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெக்பார்லண்ட் யோஸ்ட் கொலையைப் பார்க்கவில்லை. அவர் கேட்டது பேச்சு. பெரும்பகுதி கெரிகனின் பேச்சு. கெரிகன் கூண்டில் சொல்வதை, கெரிகன் மதுக்கடையில் சொன்னதை வைத்து உறுதிப்படுத்தினால் அது இரண்டு சாட்சியா, ஒரே சாட்சி இரண்டு முறையா? மெக்கீஹன் போன்றவர்கள் நேரடியாக அவரிடம் பேசியது வேறு. அதற்கு எடை உண்டு. டஃபி விஷயத்தில் அந்த எடை மிகக் குறைவு. டஃபிக்கு எதிராக முக்கியமாக நின்றது கெரிகன் சொல்தான். அந்தக் கெரிகனின் மனைவியே நீதிமன்றத்துக்கு வந்து, யோஸ்ட்டைக் கொன்றது தன் கணவன்தான் என்று சாட்சி சொன்னார்.

வழக்கை நடத்தியவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அரசுத் தரப்பில் வாதாட எழுந்தவர்களில் ரயில்வே தலைவர் கோவனும் இருந்தார். ராணுவச் சீருடையில் வந்து வாதாடிய சார்லஸ் ஆல்பிரைட்டும் இருந்தார். நடுவர் குழுவில் (ஜூரி) ஐரிஷ் கத்தோலிக்கர் எவரும் இல்லை. ஜெர்மன் பேசிய, ஆங்கிலம் சரியாக வராத சிலர் இருந்தார்கள். துப்பறிந்தது தனியார், பிடித்தது கம்பெனிப் போலீஸ், வாதாடியது கம்பெனி வழக்கறிஞர்கள், அரசு கொடுத்தது நீதிமன்ற அறையும் தூக்குப் போடுபவரும் மட்டும் என்று அதே வட்டாரத்தில் நூறாண்டுக்குப் பிறகு நீதிபதியாக இருந்த ஒருவர் எழுதியிருக்கிறார். நடுவரில் ஒருவர் நோயில் விழுந்ததால் முதல் விசாரணை பாதியில் நின்றது. பிறகு மறுபடி நடத்தித் தண்டித்தார்கள்.

ஒற்றனின் சொல் நீதிமன்றத்துக்கு வராமலே போனால் என்ன ஆகும் என்பதற்கும் பிங்கர்ட்டன் நிறுவனத்தின் வரலாற்றிலேயே ஒரு வழக்கு உண்டு. 1890 அக்டோபர் 15 இரவு நியூ ஆர்லியன்ஸ் போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னெஸி வீட்டுக்கு நடந்து போகும்போது சுடப்பட்டு மறுநாள் இறந்தார். துறைமுகத்தில் பழக் கப்பல் சரக்கிறக்கும் தொழிலுக்காக மோதிக்கொண்ட இரண்டு சிசிலியக் குடும்பங்களின் பகையில் அவர் சிக்கினார் என்று நம்பினார்கள். இத்தாலியர்களை அள்ளிக்கொண்டு போய் அடைத்தார்கள். பிங்கர்ட்டன் நிறுவனத்தின் பிராங்க் டிமாயோ, ருஜ்ஜியரோ என்ற பெயரில் கள்ளநோட்டுக் கைதியாக அதே சிறைக்குள் போனார். உடம்பு நைந்து போகும் வரை உள்ளே கிடந்து, பொலிட்ஸி என்ற கைதியின் நம்பிக்கையைப் பெற்று, பேச வைத்தார் என்பது அவர் தரப்புக் கதை. டிமாயோ கூண்டில் ஏறவில்லை. 1891 மார்ச் 13 அன்று ஒருவருக்கும் தண்டனை இல்லை. சிலர் விடுதலை, மூன்று பேர் விஷயத்தில் நடுவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. மறுநாள் ஆயிரக்கணக்கானவர்கள் சிறையை உடைத்துப் புகுந்து 11 பேரைக் கொன்றார்கள். அவர்களில் விசாரணைக்கே வராதவர்களும் உண்டு. பொலிட்ஸியை வெளியே இழுத்து வந்து விளக்குக் கம்பத்தில் தொங்கவிட்டார்கள். 2019-இல் நகர மேயர் அதற்கு மன்னிப்புக் கேட்டார். ஹென்னெஸியைக் கொன்றது யார் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை.

பாட்ஸ்வில்லில் 1877 ஜூன் 21 அன்று ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள். அதே நாள் மாக் சங்க் என்ற ஊரில் நான்கு பேர். பாட்ஸ்வில் ஆறு பேரில் ஐந்து பேர் யோஸ்ட் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்கள்: மெக்கீஹன், பாய்ல், கரோல், ரோரிட்டி, டஃபி. பாய்ல் கையில் ஒரு ரோஜாப்பூவோடு மேடை ஏறினார். ஐந்து பேரில் துப்பாக்கியால் சுட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் இரண்டு பேர்தான்.

யோஸ்ட் நின்ற ஏணி வரை கொலையாளிகளை அழைத்துப் போன கெரிகனை விட்டுவிட்டார்கள். அவர் வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவர் வைத்துக்கொண்ட குடும்பப் பெயர் ஹிக்கின்ஸ். கொலைகாரன் என்று கூண்டில் நின்று தன்னைக் காட்டிக்கொடுத்த மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் அது.